என் காலும் நியமப் பாதமும்

கிட்ட வாங்க கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள். சம்மணம் போட முடியாதவர்கள் காலை நீட்டிக்கொள்ளுங்கள், இன்றைக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இன்றைக்குச் சொல்லப்போவதே கால் கதைதான். ராஜா வரமாட்டார், பேய் வராது. ஒரு பெரிய துறையும் ஒரு சின்னக் காலும் மோதிக்கொண்ட கதை. கால் என்னுடையது.

காலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னை எட்டி எட்டிப் பார்க்காதீர்கள். ஆண்டவன் என்னைப் பிடித்துக்கொண்டே வந்தவர் கணுக்கால் வரை வந்ததும் மண் தீர்ந்துபோயிருக்கிறது. மிச்சம் மீதியை வழித்தெடுத்து இரண்டு பாதம் ஒட்டி அனுப்பிவிட்டார். கல்யாணம் ஆன பிறகும் செருப்புக் கடையில் எனக்குக் குழந்தைகள் வரிசைதான். நடந்தால் கீச்சுக்கீச்சென்று கத்தும் செருப்பு, குதிகாலில் சிவப்பு விளக்கு மின்னும் செருப்பு. வேலைக்கான நேர்காணலுக்கே நான் மின்னிக்கொண்டுதான் போனேன்.

"காலு சின்னதா அடக்கமா இருக்கேன்னு நம்பி எடுத்தோம்," என்று என் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "நாக்க யாரும் அளந்து பாக்கல."

நான் பார்த்த வேலை தண்ணீருக்கு அடியில். ஊருக்கே குடிநீர் கொடுக்கும் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று. அதன் ஆழத்தில் ஒரு வாய், வாயில் இரும்புச் சல்லடை. ஊர்க் குழாய்க்குப் போகும் தண்ணீர் முழுக்க அதன் வழியாகத்தான் போகவேண்டும். இலை, பாசி, பிளாஸ்டிக் பை, யாரோ கோபத்தில் எறிந்த தலையணை என்று எல்லாம் அதில் வந்து அப்பிக்கொள்ளும். முதுகில் காற்றுருளையைக் கட்டிக்கொண்டு இறங்கி, அதையெல்லாம் பிய்த்தெடுப்பது என் பாடு. என் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் படகில் ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பார். அவரைக் கயிற்றண்ணன் என்போம். நான் கயிற்றை இழுத்தால் 'நன்றாக இருக்கிறேன்' என்று பொருள். அவர் பதிலுக்கு இழுத்தால் 'சரி' என்று பொருள். உலகத்தில் நான் சண்டை போடாமல் பேசிய ஒரே ஆள் அவர்தான், கயிறு வழியாகப் பேசியதால்.

அந்த வேலையை நான் அவ்வளவு விரும்பினேன். கீழே பச்சை வெளிச்சம். யாரும் புத்தி சொல்லமுடியாது. மீன் போல நீந்தினேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் கயிற்றண்ணன் இன்னும் உயிரோடு இருக்கிறார், கேட்டால் சிரிப்பார். தவளை போல நீந்தினேன். அதுவும் அவசரத்தில் இருக்கும் தவளை.

தண்ணீருக்குள் போகிறவர்கள் காலில் அகலமாக ரப்பரில் ஒன்று மாட்டிக்கொள்வார்களே, பார்த்திருப்பீர்கள். நாங்கள் அதைத் துடுப்பு என்போம். துறை அதற்கு 'பாத உந்துசாதனம்' என்று பெயர் வைத்திருந்தது. துறை தந்த சாதனம் என் காலில் நிற்காது. அதனால் பொம்மைக் கடையில் குழந்தைகள் நீச்சலுக்கு விற்கும் ஒரு ஜோடியை வாங்கிப் போட்டுக்கொண்டேன். பச்சை நிறம். ஒவ்வொன்றின் மேலும் இரண்டு உருண்டைக் கண்கள் துருத்திக்கொண்டிருக்கும். அந்த நாலு கண்ணோடுதான் பல வருஷம் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தேன். யாரும் கவனிக்கவில்லை. தண்ணீர் வருகிறவரை யார் கவனிக்கிறார்கள்.

அப்போதுதான் புது இயக்குநர் வந்தார்.

நல்ல மனிதர், குறை சொல்லக்கூடாது. தண்ணீர்த் துறைக்கு வந்தாரே தவிர, தண்ணீரோடு அவருக்குப் பழக்கமில்லை. படகில் ஏறும்போது சட்டையில் தெறித்த ஒரு துளிக்குப் படகோட்டியிடம் விளக்கம் கேட்டவர். முதல் நாள் சுற்றிப்பார்க்க வந்தபோது நான் கரையேறிக்கொண்டிருந்தேன். அவர் பார்வை என் முகத்துக்கு வரவேயில்லை. காலிலேயே நின்றுவிட்டது.

"இது என்ன?"

"துடுப்புங்க ஐயா."

"கண்ணு இருக்கே."

"அது பாக்காதுங்க."

அவர் நீர்த்தேக்கத்தைக் கைகாட்டினார். "நம்ம துறைக்குன்னு ஒரு கௌரவம் இருக்கும்மா. தண்ணிக்கு அடியில யாரு பாக்கப்போறான்னு நினைக்கிற இல்ல? கௌரவம் பாத்துக்கிட்டே இருக்கும்."

மறுநாளே ஆணை வந்தது. பச்சைத் துடுப்புக்குத் தடை. வருஷாந்திரச் செயல்விளக்க நாளன்று, துறை தந்த உந்துசாதனத்தை மாட்டிக்கொண்டு இறங்கி, அதோடேயே ஏறிவர வேண்டும். முடியாதவர் நீர்ப்பணியிலிருந்து விலக்கப்பட்டுத் துண்டு அறைக்கு மாற்றப்படுவார். துண்டு அறை என்றால் ஈரமாய் வருகிறவர்களுக்குத் துண்டு எடுத்துக்கொடுக்கும் அறை. எங்கள் துறையில் ஈரமாகிறவள் நான் ஒருத்திதான். அதாவது நான் அங்கே உட்கார்ந்து, வராத எனக்காகத் துண்டை மடித்துவைக்க வேண்டும்.

சரி, பொருந்துகிற மாதிரி ஒன்று கேட்டுப்பார்ப்போம் என்று கிடங்குக்குப் போனேன். கிடங்கு அலுவலர் விதி தவறாதவர். கிடங்கில் இருக்கும்போது தும்மல் வந்தால் வெளியே போய்த் தும்மிவிட்டு வருவார்.

"சின்ன அளவுல இருக்குங்களா?"

"அளவுன்னா?"

"காலளவுங்க."

அவர் எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளேயிருந்து வெல்வெட் துணியில் சுற்றிய ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுவந்து மேசையில் வைத்தார். துணியை விலக்கினால் ஒரு சுண்ணாம்புப் பாதம். பிரமாண்டமானது. கட்டைவிரலே என் உள்ளங்கை அளவு.

"நியமப் பாதம்," என்றார் குரலைத் தாழ்த்தி. "துறையில எல்லாச் சாதனமும் இதுக்குத்தான் பொருந்தணும்."

"யாரு காலுங்க இது? பெரிய டைவரா?"

"சேச்சே. முதல் இயக்குநரோடது. அவரு தண்ணிப் பக்கமே போனதில்ல, உடம்புக்கு ஒத்துக்காது. துறை ஆரம்பிச்ச அன்னைக்குப் போட்டோ எடுக்கறதுக்காக ஒரு ஜோடி மாட்டினாரு. கச்சிதமா இருந்துது. துறையில கச்சிதமா இருந்த முதல் விஷயம் அது. அதையே தரம்னு வெச்சுட்டாங்க."

என் காலை அதன் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வைத்தேன். யானைக்குப் பக்கத்தில் எலி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவர் குனிந்து வெகுநேரம் ஆராய்ந்தார்.

"விலகல் இருக்கு," என்றார்.

"துடுப்புலயாங்க?"

"கால்ல. துடுப்பு சரியாத்தான் இருக்கு."

"எனக்கு முன்னாடி இருந்தவருக்கு எப்படிங்க?"

"அவருக்குப் பாதம் இதைவிடப் பெருசு. மாட்டும்போதெல்லாம் கிழியும். அதுவும் விலகல்தான். ஆனா மரியாதையான விலகல்."

துறைச் சாதனத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாமியார் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல புள்ளையப் போட்டுத் தாலாட்டலாம் போலிருக்கே," என்றார். என் வீட்டுக்காரர் தையல்காரர். மனைவி காலுக்குத் துடுப்பு பொருந்தவில்லை என்றால் அவருக்கு அது தையல் பிரச்சினை. கடையில் மிஞ்சின வெட்டுத்துணியை எல்லாம் உள்ளே திணித்து, மெத்தை மாதிரி தைத்துக்கொடுத்தார். வீட்டுக்குள் போட்டு நடந்து பார்த்தேன். கம்பீரமாக இருந்தது. நடைதான் வாத்து.

மறுநாள் தண்ணீரில் குதித்தேன். துணி தண்ணீரைக் குடிக்கும் என்பது தையல்காரருக்கும் தோன்றவில்லை, தண்ணீரிலேயே பிழைக்கிற எனக்கும் தோன்றவில்லை. அறிவாளிக் குடும்பம். ஒரு கால் ஊறிக் கனத்துப் போயிற்று, மறுகால் இன்னும் ஊறவில்லை. செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தில் சுற்றினேன்.

கயிற்றண்ணன் என்னைத் தூக்கிப் படகில் போட்டார். "என்ன தங்கச்சி, கீழ எதையாவது தொலைச்சுட்டியா? வட்டம் வட்டமாத் தேடுற."

"மானத்தைத் தொலைச்சேன்."

"அது மேலயே மிதந்துச்சே, நான் பாத்தேனே."

செய்தி மேலே போயிற்று. மேலே போன செய்தி குழுவாகத் திரும்பி வந்தது. 'பாத ஒத்திசைவுக் குழு' என்று பெயர். துறை மருத்துவர் என் காலைத் தட்டிப் பார்த்து, "நில உபயோகத்துக்குப் போதுமான கால்" என்று சான்று கொடுத்தார்.

"இது இனிமே வளருமா டாக்டர்?" என்று இயக்குநர் கேட்டார்.

"மனசு வெச்சா முடியாதது இல்ல," என்றார் மருத்துவர், என்னைப் பார்த்து. இத்தனை நாள் நான்தான் பிடிவாதமாக வளர்க்காமல் வைத்திருந்த மாதிரி. வெந்நீரில் காலை ஊறவைக்கச் சொன்னார். வீட்டில் மாமியார் ஊற்ற, நான் ஊறினேன். கால் வளரவில்லை. தோல் சுருங்கி இன்னும் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.

குழுவில் ஆளுக்கொரு யோசனை. சரியான கால் உள்ள ஒருவரை நியமித்து, அவர் சாதனத்தை மாட்டிக்கொண்டு நீந்த, அவர் முதுகில் நான் உட்கார்ந்து போகலாம் என்றார் ஒருவர். நீர்த்தேக்கத்தைக் காயவைத்துவிட்டால் துடுப்பே தேவைப்படாதே என்றார் இன்னொருவர். அந்த யோசனையைக் குழு வெகுவாகப் பாராட்டியது. கண்ணுகளா, நான் அங்கே வாயை மூடிக்கொண்டா இருந்திருப்பேன்? என் நாக்குதான் உங்களுக்குத் தெரியுமே.

"ஐயா, காலுக்குத் தக்க மாதிரி ஒரு துடுப்பு வாங்கிட்டா முடிஞ்சுதுங்களே," என்றேன்.

இயக்குநர் எழுந்து நின்றார்.

"நீ சாதாரணமாச் சொல்லிட்ட. தரம்னா என்னன்னு யோசிச்சுப் பாத்தியா? கால் ஆளுக்கு ஆள் மாறும், தரம் மாறக்கூடாது. இன்னைக்குக் காலுக்குத் தக்க துடுப்பு கேப்பாங்க. நாளைக்குத் தலைக்குத் தக்க தொப்பி கேப்பாங்க. குடுத்தோம்னு வை, அதுக்கப்புறம் வேலைக்குத் தக்க ஆள் கேப்பாங்க. அப்ப நாங்கல்லாம் எங்கம்மா போறது?"

குழு நெகிழ்ந்து கைதட்டியது. நானும் தட்டினேன். கேட்கும்போது ரொம்ப நியாயமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் என்னவோ உதைத்தது.

செயல்விளக்க நாளும் வந்தது. கரையில் பந்தல், நாற்காலி, பத்திரிகைக்காரர்கள், ஒலிபெருக்கி. அன்றைக்கு நான் அந்தப் பூதத் துடுப்போடு இறங்கி, அதோடு ஏறினால் தண்ணீர் எனக்கு. இல்லையென்றால் துண்டு. கயிற்றண்ணன் சணலால் என் காலோடு சேர்த்துத் துடுப்பை இறுக்கிக் கட்டினார். கோழியைச் சந்தைக்குக் கட்டுவார்களே, அந்தக் கட்டு.

"ரொம்ப ஆட்டாத தங்கச்சி," என்றார்.

"ஆட்டாம எப்படிண்ணே நீந்துறது?"

"அதான் எனக்கும் புரியல."

இறங்கினேன். கீழே போய்ப் பார்த்தால், நான் வட்டமடித்த நாளிலிருந்து யாரும் தொடாத சல்லடை. கம்பியே தெரியவில்லை, அவ்வளவு குப்பை. அருகில் போனதும் தண்ணீரின் இழுப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. உதைத்துச் சமாளித்தேன். இரண்டாம் உதையில் சணல் அறுந்தது. வலதுகால் துடுப்பு நிதானமாகக் கழன்று, எனக்கு விடைகொடுப்பது போல மேலே மிதந்து போயிற்று. கொஞ்சநேரத்தில் இடதும் அதன் பின்னாலேயே போயிற்று.

உடனே மேலே போனால் பிடித்துவிடலாம். என் வேலை தப்பிக்கும். ஆனால் சல்லடை அடைத்தபடியே இருக்கும். அங்கேயே தொங்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தேன். நான் தியாகி என்று நினைத்துவிடாதீர்கள். மேலே போய் எல்லோர் முன்னாலும் துடுப்பைத் துரத்தி நீந்துவதை நினைத்தேன், அந்த வெட்கத்துக்குக் கீழேயே இருக்கலாம் என்று தோன்றிற்று. காலை நீட்டிச் சல்லடையில் வைத்தேன். என் விரல்கள் கம்பிகளுக்கு நடுவே அழகாய்ப் போய் உட்கார்ந்துகொண்டன. பல்லி சுவரைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் குப்பையைப் பிய்க்க ஆரம்பித்தேன். இடையிடையே கயிற்றை இழுத்து, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

மேலே நடந்ததைக் கயிற்றண்ணன்தான் பிறகு சொன்னார்.

துடுப்பு இரண்டும் மிதந்து வந்ததும் பந்தலே எழுந்து நின்றதாம். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். "போயிட்டாங்க," என்றாராம்.

"இல்லீங்க ஐயா, கயிறு இழுக்குது," என்று கயிற்றண்ணன் படகிலிருந்து கத்தியிருக்கிறார். "நல்லா இருக்கேன்னு இழுக்குது."

கிடங்கு அலுவலர் யோசித்துவிட்டு, "சாதனம் வந்துடுச்சு, ஆள் வரல. கயிறு இழுத்தா ஆள் இருக்குன்னு விதியில எங்கயும் இல்ல," என்றிருக்கிறார்.

அவ்வளவுதான். செயல்விளக்க விழா அப்படியே இரங்கல் கூட்டமாயிற்று. பந்தலும் நாற்காலியும் ஒலிபெருக்கியும் தயாராக இருந்ததால் ஒன்றையும் மாற்றவேண்டியிருக்கவில்லை.

குப்பை மூட்டையை இழுத்துக்கொண்டு நான் கரையேறியபோது எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். எனக்காகத்தான் ஏதோ மரியாதை என்று நினைத்து மகிழ்ந்தேன். நினைத்தது தப்பில்லை. வாயைத் திறக்கப் போனேன்.

"ஷ்," என்றார் கிடங்கு அலுவலர். "மௌன அஞ்சலி. நேரா நில்லும்மா."

நின்றேன். தலையைக் குனிந்துகொண்டேன். சொட்டச் சொட்ட நின்று எனக்கே அஞ்சலி செய்தேன். அப்புறம் இயக்குநர் பேசினார். கடமை என்றார், துணிவு என்றார், துறையின் தண்ணீரிலேயே கரைந்தவர் என்றார். என்னைப் பற்றி அவ்வளவு நல்லதாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். நல்ல பெண், பாவம்.

"அவங்க நினைவா," என்று முடித்தார், "அவங்க காலுக்கே அளவெடுத்து ஒரு ஜோடி உந்துசாதனம் செஞ்சு, நம்ம நுழைவு மண்டபத்துல வைக்கப்படும்."

பத்திரிகைக்காரர்கள் குறித்துக்கொண்டார்கள். நான் மெல்ல மேடைப் பக்கம் போனேன். "ஐயா, நான் இருக்கேனுங்க."

அவர் என்னைப் பார்த்தார். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். "இருக்கியா? நல்லதும்மா. ஆனா அறிவிச்சாச்சே."

அறிவித்தால் அறிவித்ததுதான். மறைந்தவரின் கால் அளவு வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டு அளவெடுத்தார்கள். அதோடு, சாதனமில்லாமல் கரையேறியதற்காகத் துண்டு அறைக்கும் மாற்றினார்கள். இரண்டு ஆணையும் ஒரே நாளில் வந்தன. ஒன்றில் நான் அமரர், மற்றதில் நான் கவனக்குறைவானவள்.

துடுப்பு வந்தது. கண்ணுகளா, என்ன அழகு. கருநீலம். உள்ளே வழவழவென்று. பார்த்தாலே தெரிந்தது, என் காலுக்கென்றே பிறந்தது. மண்டபத்தில் பீடம் கட்டி அதன்மேல் வைத்தார்கள். 'கையால் தொடக்கூடாது' என்று பலகை. தினமும் காலையில் துண்டு அறைக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுப் போவேன். விரல்களெல்லாம் செருப்புக்குள் தாமாகவே அசையும். பிறகு உலர்ந்த துண்டுகளை எடுத்து உலர்த்துவேன்.

என் இடத்துக்கு யாரும் வரவில்லை. நியமப் பாதத்துக்குப் பொருந்திய ஆட்கள் சிலர் வந்தார்கள். கால் பொருந்தியது, நீச்சல் தெரியவில்லை. தேர்வில் நீச்சல் கேட்கவில்லை. ஊர்க் குழாய்களில் தண்ணீர் நூலாக இளைத்தது.

"குழாயில இலை வருது," என்றார் மாமியார். "நீ உயிரோட இருந்தப்போ நல்லா வந்துச்சு."

என் வீட்டுக்காரர் இரவில் என் காலைத் தன் மடியில் எடுத்துவைத்துப் பிடித்துவிடுவார். "இத வெச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் நீந்தியிருக்க," என்பார். அதைக் கேட்டுத்தான் எனக்கு உண்மையாக அழுகை வரும்.

இப்படி இருக்கையில், கிடங்கு அலுவலர் ஒருநாள் முகம் வெளிறி ஓடிவந்தார். நினைவுச் சின்னம் வெடிக்க ஆரம்பித்திருந்தது. ரப்பர், காற்றில் காய்ந்தால் கீறல் விடும். மேலிடத்திலிருந்து பார்வையிட வரும் நேரம். இயக்குநர் எல்லோரையும் பீடத்தைச் சுற்றி நிறுத்தினார்.

"விதி என்ன சொல்லுது?"

"ரப்பர் சாதனங்களைத் தினமும் அது வேலை செய்யற தண்ணியிலயே ஊறவைக்கணும் ஐயா."

"வைங்க."

"கையால தொடக்கூடாதுங்களே. நாமதான் பலகை வெச்சோம்."

எல்லோரும் பலகையைப் படித்தார்கள். மறுபடி படித்தார்கள். கிடங்கு அலுவலர் நெற்றியைத் தடவிக்கொண்டார். அந்த மனிதரின் மூளைக்குள் விதிகள் ஒன்றையொன்று முட்டுவது வெளியே கேட்டது.

"காலால தொடலாம்," என்றார் கடைசியில். "தடையில்ல. ஆனா அதுக்குள்ள போற காலு மறைந்தவரோடது மட்டும்தான்."

"மறைஞ்சவ நான்தாங்க," என்றேன், துண்டும் கையுமாக.

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அப்ப ரொம்ப வசதியாப் போச்சு."

ஆணை போட்டார்கள். துண்டு அறைப் பணியாளர் தினமும் நினைவுச் சின்னத்தைக் காலில் ஏந்தி, நீர்த்தேக்கத்தின் அடிவரை கொண்டுபோய், முறைப்படி ஊறவைத்துத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அது ஊறும் நேரத்தில் பணியாளர் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை.

முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு குதித்தேன். ஒரு உதைதான். தண்ணீர் வழிவிட்டது. கயிற்றை இழுத்தேன். மேலிருந்து கயிற்றண்ணன் விடாமல் இழுத்து இழுத்துப் பதில் சொன்னார். அப்படி எங்கள் அகராதியில் ஒரு சொல்லே கிடையாது. அழுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் ஊர்க் குழாயெல்லாம் சீறிக்கொண்டு வந்தது. ஓய்வு பெறும்வரை அப்படியே போயிற்று. துறைக் கணக்குப்படி அத்தனை வருஷமும் நான் துண்டு மடித்தேன், செத்துப்போன ஒருத்தியின் துடுப்பு ஊறிற்று, சல்லடை தானாகவே சுத்தமாயிற்று. இதற்காக இயக்குநருக்குப் பாராட்டு விழாகூட நடந்தது. துண்டு நான்தான் எடுத்துக்கொடுத்தேன், மேடையில் அவருக்கு வியர்த்தது.

சரி, எழுந்திருங்கள் தங்கங்களா, நேரமாச்சு. உங்கள் வீட்டில் நல்ல தண்ணீர் நிற்காமல் வரட்டும். வாசலில் கழற்றிப்போட்ட செருப்பெல்லாம், சின்னதோ பெரியதோ, அவரவர் காலுக்குப் பொருந்தட்டும். உங்கள் பிள்ளைகளின் காலை அளக்க வருகிறவன் யாராக இருந்தாலும், முதலில் தன் காலைக் கொஞ்சம் நனைத்துவிட்டு வரட்டும். நல்லா இருங்க.